மின்சாரக் கம்பி நெருப்பைக் கக்குமுன் கண்டுபிடிப்பது எப்படி?

பங்குனி, சித்திரை வந்து விட்டால் சேலம், நாமக்கல் பக்கம் காடு கரை எல்லாம் காய்ந்து விடும்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் மூங்கிலும் புல்லும் சருகாகி நிற்கும். மோகனூர்ப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் சோகை உலர்ந்து தொங்கும். தோட்டத்து வீடுகளில் சோளத்தட்டுப் போர் இருக்கும்.

இவற்றின் மேலேதான் மின்சாரக் கம்பி போகிறது.

ஒரே ஒரு பொறி விழுந்தால் போதும். ஒரு வருஷ உழைப்பு ஒரு மணி நேரத்தில் சாம்பல்! காற்றும் சேர்ந்து கொண்டால், தோட்டத்தில் பிடித்த தீ மலைக்கும் ஏறி விடும்.

ஆனால், பெரும்பாலும் அந்தப் பொறி திடீரென்று விழுவதில்லை. பல நாட்களுக்கு முன்பே கம்பி அடையாளம் காட்டுகிறது. அதைக் கண்டு கொண்டால் தீயைத் தடுத்து விடலாம்.

மேட்டூர் மின்சாரம்

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-ல் அங்கே மின்சார உற்பத்தி தொடங்கியது. நாளடைவில் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை ஓட்டியது போய், பம்பு செட்டு வந்தது. தோட்டம்தோறும் கம்பி நுழைந்தது.

தண்ணீர் கொண்டு வந்த கம்பியே சில சமயம் தீயையும் கொண்டு வருகிறது.

பொறி எப்படி உண்டாகிறது?

தொய்ந்து போன இரண்டு கம்பிகள் காற்றில் ஆடி மோதினால், அலுமினியம் உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு காய்ந்த புல்லில் விழுந்தால் தீதான்.

தென்னை மட்டை கம்பி மேல் விழலாம். மரக்கிளை உரசலாம். கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விடலாம். கம்பிகளை இணைக்கும் இடம் தளர்ந்து, கொதித்துப் பொறி தட்டலாம்.

"கம்பி அறுந்தால் பீஸ் போய் விடுமே?" என்று பலர் நினைக்கிறார்கள்.

எப்போதும் போகாது! காய்ந்த சரளை மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அங்கே அறுந்து விழுந்த கம்பியில் குறைந்த மின்சாரமே மண்ணில் இறங்கும். பீஸுக்கு அது தெரியாது. ஆனால் புல்லைக் கொளுத்தவும், ஆளைக் கொல்லவும் அது போதும்.

ஒரு கொக்கி செய்த நாசம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்று ஒரு மலை ஊர். 2018 நவம்பர் 8-ந் தேதி, அந்தப் பக்கத்து மின்கோபுரம் ஒன்றில் இரும்புக் கொக்கி முறிந்தது. அது சுமார் 100 ஆண்டுப் பழசு. தேய்ந்து தேய்ந்து மெலிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

கம்பி தொங்கியது, பொறி பறந்தது, காடு பற்றியது. 85 பேர் மாண்டார்கள். ஊரே ஏறக்குறைய அழிந்தது.

நாடி பார்க்கும் கருவி

அதே நாட்டில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். துணை மின் நிலையத்தில் அதை வைத்து விட்டால், கம்பியில் ஓடும் மின்சாரத்தை இரவு பகலாகக் கவனிக்கும். வைத்தியர் நாடி பார்ப்பது போல!

கிளை உரசினால் ஒரு விதமான துடிப்பு. இணைப்பு தளர்ந்தால் வேறு விதமான துடிப்பு. பீஸ் போகுமுன்பே, விளக்கு அணையுமுன்பே, "இந்தப் பாதையில் கோளாறு" என்று கருவி சொல்லி விடும். ஊழியர்கள் போய்ச் சரி செய்வார்கள்.

நாம் செய்யக் கூடியது

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும்போது பலரும் அலுத்துக் கொள்கிறார்கள். ஆனால் கிளை வெட்டுவதும், தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவதும், விரிந்த பீங்கானை மாற்றுவதும் அந்த நேரத்தில்தான்.

லைன்மேன் ஒருவர் எல்லாக் கம்பத்தையும் தினமும் பார்க்க முடியாது. தோட்டத்தில் இருப்பவர் பார்க்கலாம்.

காற்றடிக்கும்போதெல்லாம் விளக்கு மினுக்குகிறதா? கம்பத்தில் "கிர்" என்று இரைச்சல் கேட்கிறதா? இரவில் நீலப் பொறி தெரிகிறதா? கம்பி கைக்கு எட்டும்படி தொய்ந்திருக்கிறதா? உடனே மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். 2021-ல் தொடங்கிய "மின்னகம்" சேவை மையத்தின் எண்: 94987 94987.

கம்பிக்கு அடியில் போர் போடக் கூடாது; குப்பை கொளுத்தக் கூடாது. வைக்கோல் லாரியை உயரமாக ஏற்றிக் கொண்டு கம்பிக்குக் கீழே போகக் கூடாது. கம்பியில் உரசும் கிளையைத் தாமே வெட்டப் போகக் கூடாது.

கம்பி அறுந்து கிடந்தால் முப்பது அடி தள்ளியே நிற்க வேண்டும். குழந்தைகளையும் மாடு கன்றுகளையும் அருகில் விடக் கூடாது. தீப்பிடித்திருந்தாலும், மின்சாரத்தை நிறுத்தும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணில் சொல்ல வேண்டும்.

"யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று எல்லோரும் இருந்து விட்டால், கடைசியில் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். பொறியைக் கண்டவர் அன்றைக்கே சொன்னால், போரும் பிழைக்கும், மலையும் பிழைக்கும்.