கட்சியைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

பரப்பன அக்ரஹாரம் என்ற பெயரை 2014க்கு முன் நம் ஊர்ச் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அந்தச் சிறை வளாகத்தில்தான் அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. "பஸ் ஓடுதா, வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சா?" என்று நம்மில் பலருக்கு அன்று போன் மேல் போன்.

அவரே முதல்வராக இருக்கும் மாநிலத்தில் நியாயமான விசாரணை நடக்காது என்று க. அன்பழகன் முறையிட, 2003இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. தனி நீதிமன்றம் நால்வருக்கும் 4 ஆண்டு சிறை விதித்தது. 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. ஜெயலலிதா 2016 டிசம்பரிலேயே காலமாகியிருந்தார்.

அங்கே கூண்டில் நின்றவர்கள் நான்கு மனிதர்கள். கட்சி நிற்கவில்லை, நிற்க வேண்டிய வழக்கும் அதுவன்று. ஆனால் லஞ்சப் பணம் தலைவர் வீட்டுக்குப் போகாமல் கட்சியின் தேர்தல் செலவுக்குப் போயிருந்தால்? அப்போது யாரைப் பிடிப்பது?

இந்தக் கேள்விதான் டெல்லி மதுக்கொள்கை வழக்கில் எழுந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, கட்சி என்பதைக் குடிமக்களின் சங்கம் என்கிறது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 70ஆம் பிரிவோ 'கம்பெனி' என்ற சொல்லுக்குள் தனிநபர்களின் சங்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்ட அமலாக்கத் துறை, கோவா தேர்தலில் அந்தப் பணம் செலவானது என்று கூறி, 2024 மே மாதம் ஆம் ஆத்மி கட்சியையே குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்த்தது. இந்தியாவில் தேசியக் கட்சி ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. 2025இல் கேரளத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கி வழக்கில் மார்க்சிஸ்ட் கட்சியின் பெயரும் ஏறியது. குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, கட்சிக்கு என்ன தண்டனை? சிறையில் போட ஆளில்லை. கம்பெனிகள் விஷயத்தில் அபராதம் மட்டுமாவது விதிக்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 70ஆம் பிரிவில் இன்னொரு கொக்கியும் உண்டு. குற்றம் நடந்தபோது பொறுப்பில் இருந்தவர்களும், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டாவிட்டால், சேர்ந்தே மாட்டிக்கொள்வார்கள். வட்டச் செயலாளர் வரைக்கும் இழுப்பார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். கட்சி நிர்வாகத்தை நடத்தியவர்களுக்குத்தான் அது. கொடி கட்டியவருக்கு அல்ல.

எனக்கு உள்ள தயக்கம் வேறு. அமலாக்கத் துறை மத்திய நிதியமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சியின் சொத்தை முடக்கினால், வழக்கு பல வருடம் கழித்துத் தோற்றாலும் தேர்தல் திரும்பி வருமா? நம்ம ஊரில் வழக்குகள் இழுக்கும் இழுப்பு தெரிந்ததுதானே. மேற்சொன்ன வழக்கு 1996இல் தொடங்கியது.

ஸ்பெயின் நாடு 2012இல் கட்சிகளையும் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆயினும் 2018 மே மாதத் தீர்ப்பில் அங்கு அப்போது ஆண்ட மக்கள் கட்சி குற்றவாளியாக்கப்படவில்லை. ஊழலால் லாபம் அடைந்ததற்காக ஏறக்குறைய 2,45,000 யூரோ கட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். பிரதமர் ரஹோய் அடுத்த சில நாட்களிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். முழுக் கட்சியையும் கூண்டில் ஏற்றுவதைவிட, வந்த பணத்தை வசூலித்து, பிடிப்பட்ட ஆட்களைத் தண்டிக்கும் இந்த வழியே நமக்குச் சரிப்படும் என்று தோன்றுகிறது. அதுவும் விசாரிக்கும் துறை ஆளுங்கட்சியின் கையில் இல்லாதபோது.