ஒரு நாளில் 100 கிலோமீற்றர்: கூட்டுச் சைக்கிள் பயணத்தின் வரவு செலவு

கியூபெக்கில் வெலோ கியூபெக் என்ற அமைப்பு 'கிராண்ட் டூர்' என்ற பெயரில் பல வருடங்களாகக் கோடையில் ஒரு வாரச் சைக்கிள் பயணம் நடத்தி வருகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். பொதிகளை லொறி காவும். சாப்பாடு ஏற்பாட்டாளர் பொறுப்பு. நாங்கள் உழக்கினால் போதும்.

வில்லரேயில் எங்கள் வயதுக்காரரிடம் இதைச் சொன்னால் "இந்த வயதிலையோ?" என்று சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக்காலத்தில் விறகும் மாவும் ஆளும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் முழுக்க உழக்கியவர்கள் இதே ஆட்கள்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது பலருக்கு மிஞ்சியிருந்த வீடு கரியரில் கட்டிய மூட்டைதான். ஆகவே சைக்கிள் ஓடத் தெரியாதென்று எவரும் சொல்லமுடியாது. ஒரு முழு நாளுக்கு உடம்பைப் பங்கிட்டுச் செலவழிப்பதைத்தான் பழகவேண்டும்.

நான் கணக்காளன், கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 20 கிலோமீற்றர் என்றால் 100 கிலோமீற்றருக்கு ஐந்து மணித்தியாலம். ஓய்வுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இரண்டரை மணித்தியாலம். காலை ஏழுக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் இரண்டரைக்குப் போய்ச் சேரலாம். மணிக்கு 400 முதல் 500 கலோரி செலவாகும். உடம்பு சேமித்து வைத்த மாச்சத்து இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்குத்தான் தாக்குப்பிடிக்கும். அது முடிந்தால் கால் திடீரென்று ஓடாது, தலை சுற்றும். அதனால் பசிக்கு முன்னமே, முதல் மணித்தியாலத்திலிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும். கடையில் விற்கும் விலைகூடிய 'எனர்ஜி பார்' அவசியமில்லை. வாழைப்பழம், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை போதும். தண்ணீர் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையக்கூடாது.

எம்மவர் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுப்பவர்களுக்கும் நீண்ட நேரம் உழக்கும்போது சீனி அளவு ஆபத்தாக இறங்கலாம். பயணம் முடிந்த பிறகு, இரவு நித்திரையிலும் இறங்கலாம். வைத்தியரிடம் மருந்தின் அளவை முதலே கேட்டுவிடுங்கள். குளுக்கோஸ் சட்டைப் பையில் இருக்கட்டும், லொறியில் போகும் பொதியில் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவருக்கும் விசயத்தைச் சொல்லிவையுங்கள். எங்கள் ஆட்கள் வருத்தத்தை மறைப்பதில் கெட்டிக்காரர்.

கியூபெக் வீதிச் சட்டப்படி கூட்டமாக ஓடுபவர்கள் ஒருவர் பின் ஒருவராகவே போகவேண்டும். ஒரு வரிசையில் 15 பேருக்கு மேல் கூடாது. தலைக்கவசத்தைச் சாதாரண சைக்கிளுக்கு மாகாணச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஆனால் போடாமல் போவது புத்தியில்லை. முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக் கொடுப்பார். நல்ல வேகத்தில் பின்னால் வருபவருக்கு நாலில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அதனால் முன்னிடத்தை மாறி மாறி எடுப்பார்கள். பலமானவர் எதிர்காற்றில் கூட நேரம் முன்னால் நிற்பார், களைத்தவர் நடுவில் ஒதுங்குவார். முந்தும்போது 'ஆ கோஷ்' என்று கத்தவேண்டும், இடப்பக்கத்தால் வருகிறேன் என்று அர்த்தம். குழி கண்டால் 'ட்ரூ'. எனக்குப் பிரெஞ்சு வகுப்பை விட இந்தக் கத்தல்கள்தான் சுலபமாக ஏறின.

பழகுவதற்கு நல்ல பாதை பக்கத்திலேயே இருக்கிறது. பார்க் நிலையத்தில் சென்ஜெரோம் ரயில் ஏறுங்கள். சைக்கிளுக்கு எந்த நேரத்தில் அனுமதி என்று முன்கூட்டியே பாருங்கள். சென்ஜெரோமிலிருந்து மொன்-லோரியே வரை 200 கிலோமீற்றர் நீளும் 'பெட்டி ட்ரான் டு நோர்' ஒரு பழைய ரயில் தடம். 1909இல் மொன்-லோரியேயை எட்டிய அந்தப் பாதை, ரயில் நின்றபின் 1996இல் சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. ரயிலால் செங்குத்தாக ஏறமுடியாது என்பதால் ஏற்றங்கள் மெல்லியவை. சில இடம் தார், சில இடம் பொடிக்கல், எனவே ஒடுங்கிய ரயர் வேண்டாம். வல்-டேவிட் 42ஆவது கிலோமீற்றரில் வரும். முதல் நாளே அவ்வளவு தூரம் போகாமல், பிரெவோவின் பழைய ரயில் நிலையத்தில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்புங்கள். வரும் வழி பெரும்பாலும் இறக்கம்.