சதுரங்க ஏடு

நுழையும் முன்

இணையவழிச் சதுரங்கம் இன்று மாணவரிடையே பரவலாக ஆடப்படுகிறது. நாள்தோறும் ஆடுவோர் பலர். ஆயினும் ஆடுவோர் அனைவரும் முன்னேறுவதில்லை. ஆடுவதற்கும் பயில்வதற்கும் உள்ள வேறுபாட்டையும், அன்றாட முயற்சியை எழுதி வைக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

எடைக் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் போடிமெட்டை அடைகிறது. அங்கிருந்து பூப்பாறை வழியாக மூணாறு செல்லும் வழியில் ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் விரிந்துள்ளன. உங்களுள் சிலருடைய பெற்றோரோ, தாத்தா பாட்டியோ இத்தகைய தோட்டங்களில் உழைத்தவர்களாக இருக்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் அன்றன்று பறித்த கொழுந்தை எடைபோட்டு, அவரவர் பெயருக்கு நேராக எழுதுவர். ஒரு நாள் எடை கூடும், மறுநாள் குறையும். எவ்வளவு குறைந்தது என்பது எடைக் கணக்கில் இருக்கும். ஏன் குறைந்தது என்பது அதில் இராது. மழை பெய்ததா, கொழுந்து போதவில்லையா, உடல்நலம் குன்றியதா என்பதைப் பறித்தவரே அறிவார்.

இணையவழிச் சதுரங்கத்தின் நிலையும் இதுவே. எவ்வளவு என்பதை இயந்திரம் எழுதிவிடுகிறது. ஏன் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

இயந்திரம் எழுதாத செய்தி

நேருக்கு நேர் அமர்ந்து நெடுநேரம் ஆடும் போட்டிகளில், ஒவ்வொருவரும் தம் நகர்வையும் எதிராளியின் நகர்வையும் தாளில் எழுதிவர வேண்டும். இது ஃபிடே எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி. இணையத்தில் இவ்வேலை நமக்கு இல்லை. லிசெஸ், செஸ்.காம் முதலிய தளங்கள் நகர்வுகள், செலவான நேரம், வெற்றி தோல்வி ஆகிய அனைத்தையும் தாமே பதிவு செய்கின்றன.

ஆனால், 'குதிரையை ஏன் அங்கே வைத்தேன்? எதிராளியின் மந்திரியை ஏன் பார்க்கத் தவறினேன்?' என்னும் கேள்விகளுக்கு எந்தத் தளத்திலும் விடை இல்லை. அவ்விடை ஆடியவரின் மனத்தில் சிறிது நேரம் இருக்கும். அடுத்த ஆட்டம் தொடங்கியதும் மறைந்துவிடும். ஓர் இரவில் 20 ஆட்டங்கள் ஆடுபவர் 20 ஆட்டங்களின் பாடத்தையும் இழக்கிறார்.

தரப்புள்ளி சொல்வது என்ன?

ஆட்டம் முடிந்ததும் நம் கண் முதலில் தேடுவது ரேட்டிங் எனப்படும் தரப்புள்ளியை. இம்முறையை வகுத்தவர் அர்பாத் எலோ. அவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர். 1970ஆம் ஆண்டு ஃபிடே இம்முறையை ஏற்றுக்கொண்டது.

இதன் அடிப்படை எளிது. சமமான தரப்புள்ளி உடைய இருவர் ஆடும்போது, வென்றவர் 10 புள்ளி பெறுகிறார். தோற்றவர் 10 புள்ளி இழக்கிறார் எனக் கொள்வோம். அதே கணக்கின்படி, தம்மைவிட 200 புள்ளி உயர்ந்தவரை வென்றால் ஏறக்குறைய 15 புள்ளி கிடைக்கும். அவரிடம் தோற்றால் ஏறக்குறைய 5 புள்ளியே குறையும். இணையத் தளங்கள் பலவும் எலோ முறையை ஒட்டி மார்க் கிளிக்மேன் என்னும் புள்ளியியலாளர் அமைத்த கிளிக்கோ முறையைக் கையாளுகின்றன. எனவே, ஒரு தளத்தின் புள்ளியை மற்றொரு தளத்தின் புள்ளியோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

இனி ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுங்கள். சரியாக 5 முறை தலை விழுமா? அவ்வாறு விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். ஒரு பக்கமே 7 முறை அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்போ ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நாணயம் மாறவில்லை; எண்ணிக்கை மட்டும் மாறுகிறது.

சதுரங்கத்திலும் சமமானவர்களோடு 10 ஆட்டங்கள் ஆடி, சமநிலை ஒன்றும் இல்லாமல், 7 வென்று 3 தோற்றால் 40 புள்ளி ஏறும். 3 வென்று 7 தோற்றால் 40 புள்ளி இறங்கும். திறமை சிறிதும் மாறாமலேயே இவ்வேற்ற இறக்கம் நிகழலாம். ஆகவே, ஒரு நாள் 40 புள்ளி குறைந்தது கண்டு, 'எனக்குச் சதுரங்கம் வராது' என்று முடிவு செய்வது தவறு. அன்று 40 புள்ளி கூடியதால் பயிற்சியை விடுவதும் தவறே. மலைச்சாலையின் வளைவில் வண்டி வந்த திசைக்கே திரும்புவதுபோல் தோன்றும். ஆயினும் அது மேலேதான் ஏறிக்கொண்டிருக்கும்.

சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தா 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்னும் இணையவழிப் போட்டியில் ஆடினார். அப்போது அவருக்கு வயது 16. முதல் 7 சுற்றுகளில் அவர் வென்றது 1; சமன் செய்தவை 2; தோற்றவை 4. எட்டாம் சுற்றில் கறுப்புக் காய்களுடன் ஆடி, அன்றைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை 39 நகர்வுகளில் வென்றார். முந்தைய சுற்றுகளின் கணக்கை மட்டும் பார்த்தவர் இவ்வெற்றியை எதிர்பார்த்திருக்க இயலாது.

ஏட்டில் எழுத வேண்டியவை

கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் பின்வரும் நான்கு செய்திகளை எழுதுக.

1. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. பயிற்சிக்காக ஆடுவோருக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆட்டங்கள் போதும். ஒவ்வொருவருக்கும் 10 அல்லது 15 நிமிடம் உள்ள ஆட்டமாக இருப்பது நன்று. ஒரு நிமிட ஆட்டத்தில் சிந்திக்க இடமில்லை.
2. தீர்க்க முயன்ற புதிர்களின் எண்ணிக்கையும், அவற்றுள் சரியாகத் தீர்த்தவையும்.
3. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம்.
4. நாளை கவனிக்க வேண்டிய ஒன்று.

மூன்றாவதே இவ்வேட்டின் உயிர். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'அவருடைய குதிரை என் ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்கும் என்பதைப் பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். எதைக் கவனிக்கவில்லை என்பது தெளிவானால்தான் அதைத் திருத்த வழி பிறக்கும்.

காரணத்தை எழுதிய பின்னரே எஞ்சின் எனப்படும் கணினி நிரலைக் கொண்டு ஆட்டத்தை ஆராய்க. நிரல் சரியான நகர்வை நொடியில் காட்டிவிடும். அதைக் கண்டவுடன் நமக்கும் முன்பே தெரிந்ததுபோல் தோன்றும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று, 18 வயதில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற குகேஷ், 2500 தரப்புள்ளியை நெருங்கும் வரை எஞ்சினைப் பயன்படுத்தாமல் பயின்றவர். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டுதலில் அவர் அவ்வாறு பயின்றார். ஆட்டத்தின் நடுவே நிரலின் உதவியை நாடுவதோ பயிற்சியன்று, அது முறைகேடு.

தம் ஆட்டத்தைத் தாமே ஆராய்ந்து எழுதும் வழக்கம் பழமையானது. 1948இல் உலகச் சாம்பியனான சோவியத் வீரர் மிகயீல் பொத்வின்னிக் இதனைப் பெரிதும் வலியுறுத்தினார். எழுதிய ஆராய்ச்சியை வெளியிட்டால் அதன் பிழைகளைப் பிறர் சுட்டிக்காட்டுவர் என்பது அவர் கருத்து. கார்ப்போவ், காஸ்பரோவ் ஆகிய உலகச் சாம்பியன்கள் அவரிடம் பயின்றவர்கள்.

மாதக் கணக்கு

திங்கள் முடிவில் காரணங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவி 40 ஆட்டங்கள் ஆடி 18இல் தோற்றதாகக் கொள்வோம். அவளுடைய ஏட்டில் உள்ள கணக்கு இது:

எதிராளியின் மிரட்டலைக் காணாதது – 9
காவலின்றிக் காயை விட்டது – 4
நேரம் தீர்ந்தது – 3
இணைய இணைப்பு அறுந்தது – 2

தொடக்க நகர்வுகள் தெரியாமையால்தான் தோற்கிறோம் என்று அவள் எண்ணியிருந்தாள்; அவற்றை மனப்பாடம் செய்யவும் திட்டமிட்டிருந்தாள். ஏடு வேறொன்றைக் காட்டுகிறது. தோல்விகளுள் பாதிக்குக் காரணம் ஒன்றே. ஆகவே, அடுத்த திங்களில், ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் 'இவர் என்ன செய்யப் பார்க்கிறார்?' என்று தன்னைக் கேட்பதே அவளுக்குரிய பயிற்சி. அடுத்த 40 ஆட்டங்களில் அந்த 9 என்பது 5 ஆகக் குறைந்தால் அதுவே முன்னேற்றம். தரப்புள்ளி உயராதிருப்பினும் முன்னேற்றமே.

இணைப்பு அறுந்ததைத் தனியே எழுதியதும் முறையே. மலைப்பகுதியில் வாழும் நாம் அதனை நன்கு அறிவோம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 அன்று நடந்த இணையவழி ஒலிம்பியாடு இறுதிப் போட்டியில், இந்திய அணியின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகியோரின் இணைப்பு அறுந்தது. முறையீட்டை ஆராய்ந்த ஃபிடே, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்கள் என அறிவித்தது. தன் பிழையால் வந்த தோல்வியையும் பிறிதொன்றால் வந்த தோல்வியையும் பிரித்தறிதல் நேர்மையான கணக்கின் இலக்கணம். ஆனால், எல்லாத் தோல்வியையும் இணைப்பின்மேல் ஏற்றுபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

தமிழில் எழுதுவோம்

மாணவர்களே, நம்முள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறோம். வெளியே மலையாளம் பேசுகிறோம். பள்ளியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதுகிறோம். தமிழில் எழுதும் வாய்ப்பு இவ்வகுப்போடு நின்றுவிடுகிறது. நாளொரு வரியைத் தமிழில் எழுதுங்கள். முதலில் சொல் தடுமாறும். எழுத்துப் பிழையும் வரும். 30 நாள்களில் 30 வரிகள் சேர்ந்திருக்கும். முதல் வரியையும் கடைசி வரியையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். ஆட்டம் எவ்வளவு தெளிந்தது, மொழி எவ்வளவு தெளிந்தது என்னும் இரண்டையும் அவ்வேடே உங்களுக்குச் சொல்லும்.

சொல்லும் பொருளும்

ஏடு – குறிப்பேடு
கொழுந்து – தேயிலையின் இளந்தளிர்
குன்றுதல் – குறைதல்
எதிராளி – எதிரே ஆடுபவர்
திங்கள் – மாதம்

பயிற்சி

1. தளங்கள் பதிவு செய்பவை யாவை? அவை பதிவு செய்யாதது எது?
2. நாணயச் சோதனை தரப்புள்ளியைப் பற்றி உணர்த்துவது யாது?
3. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதுவது ஏன் பயனற்றது? இரண்டு தொடர்களில் விடை தருக.
4. செயல்பாடு: ஒரு வாரம் சதுரங்க ஏடு எழுதி வருக. சதுரங்கம் ஆடாதவர்கள் தாம் பயிலும் இசை, ஓட்டம், கணக்கு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதலாம். வார முடிவில் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டுக.