அடுப்படியில் உலகம் – 9: சங்கரன்கோவில் பக்குவத்தில் ஷக்‌ஷூகா

முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வைக்கத் தெரிந்த கைக்கு ஷக்‌ஷூகா புதுப் பண்டமே இல்லை. கொதிக்கும் குழம்பில் முட்டையை ஒவ்வொன்றாக விட்டு, கரண்டி போடாமல், தீயைத் தணித்து மூடி வைத்துக் காத்திருக்கிறோமே, அந்தப் பொறுமைதான் இதற்கும் வேண்டும். புளிக்குழம்பு இருக்கும் இடத்தில் சுண்ட வதக்கிய தக்காளி. பெரிய மாற்றம் அது ஒன்றுதான். ஆலிவ் எண்ணெயும் வெளிநாட்டு மசாலாவும் இருந்தால்தான் இதைச் செய்யலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காகவே இந்த வாரம்.

ஷக்‌ஷூகாவின் ஊர் வட ஆப்பிரிக்கா. துனிசியா, லிபியா, அல்ஜீரியா வீடுகளில் அன்றாடம் செய்வது. 1950-களில் துனிசியாவிலிருந்தும் லிபியாவிலிருந்தும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்கள் இதைத் தங்களோடு கொண்டு போனார்கள். பாலஸ்தீன வீடுகளிலும் இது உண்டு. ஜெருசலேமில் பிறந்த யோத்தம் ஓட்டொலெங்கி என்ற யூதரும் சாமி தமீமி என்ற பாலஸ்தீனரும் சேர்ந்து எழுதி 2012-ல் வெளிவந்த ‘ஜெருசலேம்’ சமையல் நூலிலும் இதற்கு இடம் கிடைத்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், குபூஸ் ரொட்டியோடு காலைப் பசியாற இதைச் சாப்பிட்டதைச் சொல்வார்கள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறியவை. துனிசியாவுக்கும் நமக்கும் அவை பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த விருந்தாளிகள். இரண்டு ஊர்களும் அந்த விருந்தாளிகளைத் தங்கள் எண்ணெயிலும் தங்கள் பூண்டிலும் வதக்கிச் சொந்தமாக்கிக்கொண்டன.

இனி அடுப்புக்கு வருவோம். இரண்டு பேருக்கு நான்கு முட்டை, அரைக் கிலோ தக்காளி, ஒரு பல்லாரி, ஒரு குடமிளகாய், நான்கைந்து பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் போதும். நாட்டுத் தக்காளியாகப் பார்த்து வாங்குங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 ரகம், தேனிப் பக்கத்து அன்னஞ்சி ஊர்த் தக்காளியிலிருந்து உருவானது. சற்றுச் சப்பையாக, காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்து, நல்ல புளிப்போடு இருக்கும். ஹைபிரிட் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு குறைவு. பாதிக்குப் பாதி கலந்தால் கெட்டித்தன்மையும் புளிப்பும் ஒருசேரக் கிடைக்கும்.

எண்ணெய் காய்ந்ததும் சீரகம் பொரிய வேண்டும். பல்லாரியும் குடமிளகாயும் நன்றாகக் குழையும்வரை வதங்கட்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை பச்சை வாடை போகாது. பிறகு பூண்டு, மிளகாய்த்தூள், உடனே தக்காளி, உப்பு. தூள் எண்ணெயில் தனியாகக் கிடந்தால் கருகிக் கசக்கும் என்பதால்தான் அந்த ‘உடனே’. பதினைந்து, இருபது நிமிடம் மிதமான தீயில் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பதுதான் பதம். தக்காளித் தொக்குக்குப் பார்க்கும் அதே பதம், ஆனால் அதைவிடக் கொஞ்சம் தளர. கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அது மெதுவாக மூட வேண்டும். சட்டென்று மூடினால் தண்ணீர் அதிகம், முட்டை கரைந்து ஓடிவிடும். மூடாமலே நின்றால் முட்டை வேகுமுன் அடிபிடிக்கும், கால் டம்ளர் வெந்நீர் விடுங்கள்.

கரண்டியின் பின்புறத்தால் நான்கு குழி செய்து, முட்டைகளை முதலில் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக இறக்குங்கள். வெயில் காலத்தில் இந்தக் கிண்ணப் பழக்கம் மிக அவசியம், கெட்ட முட்டை ஒன்று முழுச் சட்டியையும் வீணாக்கிவிடும். பழைய முட்டையின் வெள்ளை தண்ணீராகப் பரவும்; புது முட்டை குழிக்குள் அடங்கி நிற்கும். வெள்ளைக்கரு ஏறக்குறைய 62 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கி 80-ஐ நெருங்கும்போது முழுதாகக் கெட்டியாகிறது. மஞ்சள் கரு 65-ல் தடித்து 70-ல் உறைந்துவிடுகிறது. மஞ்சள் முந்திக்கொள்ளாமல் இருக்க, வெள்ளையை மட்டும் கரண்டி நுனியால் லேசாகத் தொக்கோடு கலந்து விடுங்கள், சூடு அதற்கு முதலில் கிடைக்கும். மூடி போட்டு சிம்மில் ஐந்து முதல் ஏழு நிமிடம். மேற்புறத்தை வேகவைப்பது மூடிக்குள் சுழலும் ஆவிதான். மண்சட்டியானால் ஒரு நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணையுங்கள், சட்டியின் சூடு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் மஞ்சள் கருவும் முழுக்க வேகட்டும். சால்மோனெல்லா கிருமியோடு விளையாட வேண்டாம்.

இனி அவரவர் நாக்குக்குத் தகுந்தபடி மாற்றலாம். முதலில் காரம். துனிசியர்கள் இதில் சேர்ப்பது ஹரிசா. காய்ந்த மிளகாய், பூண்டு, கொத்தமல்லி விதை, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த விழுது அது. 2022-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் இட்லிக்கு அரைக்கும் வத்தல், பூண்டுச் சட்னியோடு வறுத்த சீரகமும் மல்லியும் சேர்த்து, நல்லெண்ணெய் விட்டு அரைத்தால் கிட்டத்தட்ட அதே ருசி. ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் விடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயில் நிறமும் உண்டு, சுள்ளென்ற காரமும் உண்டு. காரம் வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள்.

அடுத்து புளிப்பு. தக்காளி சப்பென்றிருந்தால் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலேயே புளியங்குடி இருக்க, நமக்கு எலுமிச்சைக்கு என்ன குறை! புளிப்பு மிஞ்சினால் கடைசியில் ஒரு கரண்டி கெட்டித் தயிர் ஓரமாக வையுங்கள்.

தக்காளியைத்தான் விரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் நாட்டிலேயே பார்சிகள் இதில் கைதேர்ந்தவர்கள். தக்காளி மட்டுமல்ல, வெண்டைக்காய், உருளைக்கிழங்கு என்று எதை வதக்கினாலும் அதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவார்கள். அந்த வழியில் முருங்கைக்கீரையை உள்ளியும் பூண்டும் போட்டு வதக்கி, குழி பறித்து முட்டை விட்டுப் பாருங்கள். கறி மணம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் உள்ள பிரியாணி ஊர் நம் சங்கரன்கோவில். அவர்கள் வெந்த ஆட்டுக்கறிக் கைமாவைத் தொக்கில் சேர்க்கலாம். மஞ்சள் கரு ஒழுகினால் பிடிக்காது என்றால் துருக்கி நாட்டு மெனெமென் போல முட்டையைத் தொக்கிலேயே கிளறிவிடுங்கள். ஆடித்தபசுத் திருவிழா நாள்களில் முட்டை தொடாத வீடுகளில் ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலையோ பன்னீரோ அந்தக் குழிகளை நிரப்பும். தொட்டுக்கொள்ள பேக்கரி பன், சப்பாத்தி, பரோட்டா, எது கையில் இருக்கிறதோ அது.

இதை இந்தப் பக்கத்து அடுப்படிகளுக்கு நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2023 ஜூலையில் பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே தக்காளி, வரத்து மிகும் காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போகிறது. பாவூர்சத்திரம் சந்தையில் விலை சரியும் நாள்களில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, தொக்கை மட்டும் செய்து ஆறவைத்து ஃப்ரீசரில் எடுத்து வையுங்கள். ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. வேண்டும்போது சூடாக்கி முட்டை விட்டால் பத்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு. நமக்கு வேலை மிச்சம், விளைவித்தவருக்கும் இரண்டு கிலோவுக்கான காசு. விலை ஏறியபின் புலம்புவதைவிட, விலை விழும்போது வாங்கி வைப்பதுதான் சமையல் தெரிந்தவரின் கெட்டிக்காரத்தனம்.

அடுத்த வாரம்: குதிரைவாலி அரிசியில் ஒரு துருக்கிப் புலாவு.