தோல்வியின் மிச்சம்

முயன்று தோற்பது பெரிதா, முயலாமலே இருந்துவிடுவது பெரிதா? இவ்விரண்டினுள் கூடிய துன்பம் எது? பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் முதல் புதுத்தொழில் தொடங்க எண்ணும் குடும்பத்தலைவர் வரை யாவரும் என்றேனும் ஒருநாள் தம் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. “தோற்றால் பொருளும் போகும், மானமும் போகும், சும்மா இருந்தால் உள்ளதாவது மிஞ்சும்” என்று அறிவுரை கூறுவோரும் உளர். இக்கூற்றை உரைத்துப் பார்ப்பதற்குச் சிலாபத்தை அடுத்துள்ள முன்னேஸ்வரம் நல்லதோர் உரைகல்.

ஈழத்துப் பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்றாகிய இத்தலம், கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் மானியம் அளித்துச் சாசனம் பொறித்த பெருமையுடையது. 1578இல் போர்த்துக்கேயர் இதனை இடித்தனர். ஊரவர் மனந்தளராது மீண்டும் கட்டினர். அதுவும் போர்த்துக்கேயராலேயே இடிக்கப்பட்டது. கட்டியவர்களின் உழைப்பும் பொருளும் மண்ணோடு மண்ணாயின. “கட்டாமலே இருந்திருக்கலாமே” என்று அன்று எவரேனும் மனம் நொந்திருந்தால் அவரைக் குறைகூற இயலாது.

எனினும் 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆதரவில் ஆலயம் மீண்டும் எழுந்தது, கும்பாபிஷேகமும் நிகழ்ந்தது. பின்னர் 1875, 1919, 1963 ஆகிய ஆண்டுகளிலும் திருப்பணிகள் நடைபெற்றன. அங்ஙனமாயின், இடிந்துபோன அந்த இடைக்காலக் கோயிலால் விளைந்த பயன் யாது? இவ்விடம் நம்முடைய வழிபாட்டிடம் என்னும் நினைவை அது அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துச் சென்றது எனலாம். தென்கரையில் தெவிநுவரையில் 1588இல் தகர்க்கப்பட்ட தொண்டேஸ்வரமோ மீண்டும் சிவாலயமாக எழவேயில்லை.

அதே மன்னனின் வரலாற்றில், அதே 1753ஆம் ஆண்டில், இன்னுமொரு சான்று உண்டு. இலங்கையில் பௌத்த பிக்குகளின் உபசம்பதைப் பரம்பரை அற்றுப்போயிருந்தது. அதனை மீட்கச் சீயத்துக்குத் தூது அனுப்பினர். 1741இல் சென்றவர்களின் கப்பல் உடைந்தது. 1747இல் சென்ற தூது, அனுப்பிய அரசன் இடையில் இறந்தமையால் வெறுங்கையுடன் திரும்பியது. 1750இல் கீர்த்தி ஸ்ரீ மூன்றாம் முறையாக அனுப்பிய தூதே பயன் தந்தது. 1753இல் உபாலி தேரர் வந்து சேர்ந்தார். முதலிரு தோல்விகளோடு எண்ணத்தைக் கைவிட்டிருந்தால் இப்பேறு வாய்த்திராது.

தோல்வியில் துன்பமில்லை என்று நாம் சொல்லவில்லை. கடலில் மாண்டவர்களுக்கு எவ்வெற்றியும் ஈடாகாது. முயன்றவனுக்குத் தோல்வி கசப்பானதே. ஆனால் அவன் பின்னே வருபவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோற்றவன் அவர்களுக்கு ஓர் அடித்தளத்தையாவது, ஓர் எச்சரிக்கையையாவது விட்டுச் செல்கிறான். முயலாதவன் விட்டுச் செல்வது ஒன்றுமில்லை.

மாணவர்க்கும் இது பொருந்தும். பரீட்சை எழுதித் தவறியவன் எந்தப் பாடத்தில் தான் பின்தங்கியுள்ளான் என்பதை அறிவான். அஞ்சி மண்டபத்துக்கே செல்லாதவன் அதனையும் அறியான். பெற்றோர் பிள்ளையிடம் “ஏன் தோற்றாய்?” என்று சினப்பதற்கு முன், “இம்முறை எதனை அறிந்துகொண்டாய்?” என்று அருகிருந்து கேட்பார்களாயின், அடுத்த முயற்சி அவ்வீட்டிலேயே தொடங்கிவிடும்.