துளிர் வேறு, வேர் வேறு

முறிந்த முருங்கைக் கொப்பை வேலியோரம் சும்மா ஊன்றி வைத்திருப்போம். நாலு மழை பெய்ததும் அது துளிர்த்து நிற்கும். இதைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, எந்தக் குச்சியை நட்டாலும் பிழைத்துவிடும் என்று நினைத்தே மாதுளைக் குச்சி ஒன்றைத் தொட்டியில் வைத்தேன். இரண்டாவது வாரமே தளிர் விட்டது. சந்தோஷத்தில் மொட்டைமாடி வெயிலுக்கு மாற்றினேன். நான்கே நாளில் கருகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை.

குச்சிக்குள் மாவுச்சத்தும் ஈரமும் சேமிப்பில் இருக்கின்றன. மொட்டு விரிய அதுவே போதும். ஆனால் விரிந்த இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். உறிஞ்சிக் கொடுக்க வேர் இல்லை என்றால் சேமிப்பு தீர்ந்த அன்றைக்குக் கதை முடிந்துவிடும். வேர் இறங்கும்வரை குச்சி காயவும் கூடாது, அழுகவும் கூடாது. போத்து வைப்பதில், அதாவது இப்படிக் குச்சியை ஊன்றிச் செடியாக்குவதில், நாம் செய்யும் ஒவ்வொன்றும் இதற்காகத்தான்.

கொழுந்தில் உருவாகும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஊக்கி தண்டுக்குள் மேலிருந்து அடிநோக்கி இறங்கும். வெட்டுப்பட்ட அடிமுனையில் போய்ச் சேர்ந்து, அங்கே வேர் கிளம்பத் தூண்டும். எனவே தலைகீழாக நட்டுவிடக் கூடாது. இலையில்லாத குச்சியில் அடி எது, நுனி எது என்று யாருக்கும் குழம்பும். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிட்டால் தொல்லையில்லை. கடையில் விற்கும் வேர் ஊக்கித் தூளிலும் பெரும்பாலும் ஆக்ஸின் வகைப் பொருள்தான் இருக்கிறது. முருங்கைக்கும் அத்திக்கும் அது தேவைப்படாது.

மாதுளைக்குப் பென்சில் கனத்தில் முற்றிய குச்சியாக எடுங்கள். 20 முதல் 25 செ.மீ. நீளமும் நாலைந்து கணுவும் இருந்தால் நல்லது. அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பல செடிகளில் வேர் கணுவையொட்டித்தான் சுலபமாகக் கிளம்புகிறது. கத்தி கூராக இருக்க வேண்டும், நசுங்கிய முனை அழுகிவிடும். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றிச் சுற்றிலும் அழுத்திவிடுங்கள். செம்பருத்தி, மல்லிகை மாதிரி இலையோடு வைப்பவற்றில் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு மூன்றை மட்டும் விடலாம். பெரிய இலையானால் பாதியாக நறுக்கிவிடுங்கள்.

மண்ணில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆசையாகச் சாணி உரம் போட்டு நிரப்புவார்கள். வேரே இல்லாத குச்சி எதைச் சாப்பிடும்? பச்சைச் சாணி வெட்டுவாயை அழுகத்தான் வைக்கும். ஆற்று மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி போதும். கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழும் ஈரம்தான் கணக்கு. தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்துக் குச்சிமேல் கவிழ்த்தால் உள்ளே காற்று ஈரமாகவே இருக்கும். வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் பாட்டிலுக்குள் குச்சி வெந்துவிடும். கத்திரி வெயில் காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

மாதுளைக்கு ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம். இடையில் பிடுங்கிப் பார்க்காதீர்கள், அரும்பும் வேர் அறுந்துபோகும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தால் சந்தேகமே வேண்டாம். அப்போதும் ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளாமல், காலை வெயிலில் தொடங்கி மெதுவாகப் பழக்குங்கள்.

அத்தி, திராட்சை, முசுக்கொட்டை எல்லாம் குச்சியில் நன்றாகவே வரும். மாவும் சப்போட்டாவும் வீட்டில் அப்படி வருவது மிக அரிது, அவற்றுக்கு ஒட்டுதான். கொய்யாவுக்கு, கிளை மரத்தில் இருக்கும்போதே பட்டையை வளையமாகச் சீவி, ஈர நார் கட்டி வேர்விட வைக்கும் விண்பதியன் கைகொடுக்கும்.

குச்சியில் வந்த மரம் தாய்மரத்தின் அதே பழத்தைத் தரும், விதைக்கன்றைவிடச் சீக்கிரமே காய்க்கும். ஆனால் விதைக்கன்றுக்குள்ள ஆணிவேர் இதற்குக் கிடையாது. முதல் ஒன்றிரண்டு வருடக் காற்றுக்கு ஒரு மூங்கில் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.