மூன்று முறை விழுந்த சாமி

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். தூண் பாறையைப் பார்க்கப் போய், மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நானும் ஆபீஸ் நண்பரும் மழைக்கு ஒதுங்கியது சலேத் மாதா கோயிலில். 1866-ல் கட்டியது.

கத்தோலிக்கக் கோயில்களில் சுவரோரமாக 14 காட்சிகள் இருக்கும். 'சிலுவைப் பாதை' என்பார்கள். பிலாத்துவின் தீர்ப்பில் ஆரம்பித்துக் கல்லறையில் முடியும். மூன்றாவதில் ஏசு சிலுவையோடு விழுகிறார். ஏழாவதில் மறுபடியும். ஒன்பதிலும்!

"என்ன சார் இது... சாமியைப் போய் இப்படிக் காட்டுறாங்க! நம்ம சாமின்னா பட்டும் நகையுமா ஜம்முனு நிப்பார்" என்றார் நண்பர்.

கேள்வி நியாயம்தான். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களே இதை வரையத் தயங்கினார்கள். ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் அவர்கள் விரும்பித் தீட்டியது ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனை. சிலுவை என்பது அன்றைக்கு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் தருகிற அவமானச் சாவு. தலை சாய்ந்து தொங்கும் ஏசுவைத் துணிந்து காட்டப் பல நூற்றாண்டுகள் ஆயின. காட்சிகள் 14 என்று கணக்கு உறுதியானது 1731-ல். மூன்று முறை விழுந்ததாக பைபிளில் கிடையாது. ஜனங்களின் பக்தி சேர்த்துக்கொண்டது. ஒரே தடவை விழுந்து எழுந்தவன் நம்மில் யார்?

சலேத் மாதாவும் அழுகிற மாதாதான். 1846-ல் பிரான்ஸின் லா சலேத் மலையில் மாடு மேய்த்த சிறுமியும் சிறுவனும், முகத்தைக் கைகளில் புதைத்து அழுத ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் மார்பில் ஒரு சிலுவை. அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணி அடிக்க ஒன்று, பிடுங்க ஒன்று. எதை எடுப்பது என்பது நம் பாடு.

நண்பருக்கு இன்னொரு படத்தைப் பற்றியும் சொன்னேன். க்ரூனவால்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் 1512-16 வாக்கில், இஸன்ஹைம் ஊர் மடத்துக்காக வரைந்தது. 'ரை' தானியத்தில் வளரும் பூஞ்சையால் தோல் எரிந்து, விரல்கள் அழுகிய நோயாளிகளை அந்த மடத்தில் பராமரித்தார்கள். க்ரூனவால்ட் வரைந்த ஏசுவுக்கும் உடம்பெல்லாம் புண்! விரல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். படுக்கையில் கிடந்தவன் நிமிர்ந்து பார்த்தால், தன் வலியோடு ஒரு சாமி.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தலைமாட்டுல முருகன் படம் வெச்சேன் சார். 'அவர் மயில் மேல சௌக்கியமா இருக்கார்டா, நான்தான் இப்படிக் கிடக்கேன்'னார். அன்னிக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை."

மழை விட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

"பழனி வழியா இறங்கலாமா சார்? அப்பாவுக்காக வேண்டிக்கிட்ட மொட்டை பாக்கி இருக்கு."

"அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே?"

"அதனால என்ன சார்... பழனியில இருக்கிறவரும் எல்லாத்தையும் விட்டுட்டுக் கோவணத்தோட நிக்கிறவர்தானே!"